எட்ஜ் பேண்ட் ஒட்ட எந்த இஸ்திரிப் பெட்டி? குன்னூர் வீட்டு வேலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோவையில் சிறிய பர்னிச்சர் பட்டறை நடத்தும் ஒருவர், குன்னூரில் ஒரு பழைய வீட்டுக்கு அலமாரிகளும் புத்தக அடுக்குகளும் செய்து கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். துணி அலமாரிக்கு 18 மி.மீ. வெள்ளை ப்ரீ-லேமினேட்டட் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்து மேலே வெள்ளைப் பூச்சோடு வரும் பலகை. முன்னறைப் புத்தக அடுக்குக்கு அதே கனத்தில் தேக்கு வெனீர் (தாள்போல் மெலிதாகச் சீவிய மரம்) ஒட்டிய ப்ளைவுட். பெரும்பாலான பலகைகளைக் கோவையிலேயே அறுத்து, எட்ஜ் பேண்டிங் மெஷின் (அறுத்த ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் டேப்பை ஒட்டும் மெஷின்) வைத்திருக்கும் கடையில் கூலிக்குக் கொடுத்து ஓரம் ஒட்டி, வண்டியில் மலைக்கு ஏற்றினார்கள். அந்தப் பலகைகளில் கடைசி வரை எந்தக் குறையும் வரவில்லை.

சிக்கல் வந்தது மற்றப் பலகைகளில். வீடு பழையது, கல் சுவர். எந்த மூலையும் மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை. சுவரோடு சுவராகப் பொருந்த வேண்டிய தட்டுகளை அங்கேயே அளந்து அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த ஓரம் மொட்டையாக நிற்குமே, அதற்குத்தான் பின்புறம் பசை பூசியே வரும் 22 மி.மீ. அகல டேப்பை வாங்கிப் போயிருந்தார்கள். வெள்ளைப் பலகைக்கு மெல்லிய பி.வி.சி. டேப், புத்தக அடுக்குக்குத் தேக்கு வெனீர் டேப். இரண்டையும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும். கோவையிலிருந்து பெட்டி எதுவும் கொண்டு போகவில்லை. வீட்டுக்காரம்மா தன் ஸ்டீம் அயர்னைக் கொடுத்தார். அதை வைத்தே வேலை முடிந்தது.

அது டிசம்பர் மாதம். ஒட்டும்போது எல்லாம் சரியாகவே தெரிந்தது. பொங்கலுக்கு முன்பே வீட்டுக்காரம்மா படம் அனுப்பினார்: புத்தக அடுக்கில் டேப் நுனி நுனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, துணி அலமாரியில் வெள்ளை ஓரம் நெளிந்து கிடக்கிறது. பட்டறைக்காரர் என்னைப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நானும் இதே தொழில்தான், அவருக்குப் பழக்கமானவன். வேலை செய்த ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

## அங்கே பார்த்தவை

போகும் வழியெல்லாம் ஆசாரி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "அண்ணா, பெட்டி நல்லாச் சூடாத்தானுங்க இருந்துச்சு. மூணு புள்ளியில வெச்சுத்தான் தேய்ச்சேன். அப்புறம் எப்படிங்க ஒட்டாமப் போகும்?" நியாயமான கேள்வி. அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே வீட்டில் அவர் செய்த கதவுப் பொருத்தம் அவ்வளவு சுத்தம்.

உரிந்த டேப்பைப் பிடுங்கிப் பின்பக்கம் பார்ப்பதுதான் முதல் வேலை. எதனால் உரிந்தது என்பது அங்கேயே எழுதியிருக்கும். தேக்கு டேப்பின் நுனிகளில் பசை கடையில் வாங்கியபோது இருந்த அதே வழவழப்போடு, பூசிய கோடுகள்கூட அழியாமல் இருந்தது. அதாவது அது இளகவே இல்லை. நடுப்பகுதியில் இளகியிருந்தது; ஆனால் சில இடங்களில் பலகையின் நாரைப் பிடிக்காமல், ரம்பத்தூளை மட்டும் வாரிக்கொண்டு வந்திருந்தது. தட்டை அறுத்த கையோடு தூளைத் தட்டாமல் ஒட்டியிருக்கிறார்கள்.

வெள்ளை பி.வி.சி. டேப்பின் கதை நேர் எதிர். அங்கே பசை நன்றாகவே இளகி ஓடியிருந்தது. ஆனால் டேப் அலை அலையாக நெளிந்து, ஓரிரு இடத்தில் லேசாகப் பழுத்து, சூட்டில் சுருங்கியதால் மூலைக்கு எட்டாமல் நின்றது. ஒரு தட்டில் மட்டும் விரல்நுனி அளவுக்குப் பார்ட்டிகிள் போர்டு புடைத்திருந்தது. ஸ்டீமை மூடியே வைத்திருந்தாலும் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் ஓட்டை வழியாகச் சொட்டியிருக்கிறது. நீர் குடித்துப் புடைத்த பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அந்தத் தட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டோம்.

ஒரே ஆள், ஒரே பெட்டி, ஒரே வீடு. ஓரிடத்தில் சூடு போதவில்லை, இன்னோரிடத்தில் சூடு மீறிவிட்டது. இதை விளக்கினால்தான் மறுபடி செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

## ஏன் அப்படி ஆனது

மெஷினில் பசை தனியாக 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகி, நேராகப் பலகை ஓரத்தில் பூசப்பட்டு, உடனே வரிசை ரோலர்கள் டேப்பை அழுத்திவிடும். இஸ்திரிப் பெட்டியில் நடப்பது வேறு. சூடு டேப்பின் முதுகு வழியாக நுழைந்து, டேப்பைக் கடந்து, பசையைத் தொட்டு, பிறகுதான் பலகைக்குப் போகிறது. எப்போதுமே டேப்தான் அதிகச் சூட்டில் இருக்கும், பலகை குறைந்த சூட்டில் இருக்கும், பசை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இந்த டேப்புகளில் வருவது எத்திலீன் வினைல் அசிடேட் வகை ஹாட் மெல்ட் பசை. அது இளகிப் பாய்ந்து பலகையின் துளைகளுக்குள் இறங்க 100 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பி.வி.சி.யோ 80 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். ஆக, பசை உருகுவதற்குள் டேப் மெத்தென்று ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தினால் நெளியும், இழுத்தால் நீளும், ஆறும்போது சுருங்கும். தேக்கு வெனீருக்கு இந்தக் கவலை இல்லை. அது மரம், சூட்டைத் தாங்கும். ஆனால் மரம் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. அவசரப்பட்டால் மேலே கொதிக்கும், கீழே பசை விழித்துக்கூடப் பார்க்காது.

இதோடு குன்னூர்க் குளிர். பலகைகளை இரவெல்லாம் போர்ட்டிகோவில் சாத்தி வைத்து, காலையில் எடுத்த எடுப்பில் ஒட்டியிருக்கிறார்கள். டிசம்பர் காலை அங்கே பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கோவைப் பட்டறையில் முப்பது டிகிரியில் இருக்கும் பலகைக்குப் பழகிய கை, அதே வேகத்தில் பெட்டியை ஓட்டியிருக்கிறது. இளகிய பசை குளிர்ந்த ஓரத்தைத் தொட்டதும் உள்ளே இறங்காமல் மேலேயே தோல்கட்டிவிட்டது. பார்வைக்கு ஒட்டியதுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது பெட்டி. புதுக்கால ஸ்டீம் அயர்ன்களில் கீழ்த்தட்டு மெல்லியது, எடை குறைவு. துணிக்கு அது வசதி. பலகை ஓரத்தில் வைத்ததும் அந்தத் தட்டில் இருக்கும் கொஞ்சச் சூட்டையும் பலகை உறிஞ்சிவிடும். தெர்மோஸ்டாட் விழித்து மறுபடி சூடேற்றும். ஏறும்போது குறித்த அளவைத் தாண்டிப் போகும். இப்படி ஏறி இறங்கும்போது எந்த இடத்தில் எந்தச் சூடு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை நேரில் காட்டுவதற்காக அகச்சிவப்பு வெப்பமானியில் அளந்தோம். பளபளப்பான உலோகத்தின் மேல் அந்தக் கருவி உண்மைச் சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் கீழ்த்தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறிவைத்தோம். ஒரு முழப் பலகையை ஒட்டி முடிப்பதற்குள் எண் எப்படிச் சரிந்து, பிறகு எப்படி எகிறியது என்று பார்த்ததும் ஆசாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூன்று புள்ளி என்பது ஏறக்குறைய 200 டிகிரி, இரண்டு புள்ளி 150, ஒரு புள்ளி 110 என்பதெல்லாம் துணிக்கான கணக்கு. குமிழ் எதைக் காட்டினாலும், பலகை மேல் உட்கார்ந்த பிறகு தட்டு எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

வோல்டேஜும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கிறது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்திருந்தார்கள். அந்த வீட்டில் மாலையில் வோல்டேஜ் வேறு இறங்கும். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் பெட்டி, 180 வோல்ட்டில் ஏறக்குறைய 610 வாட்தான் தரும். பெட்டி கடைசியில் குறித்த சூட்டுக்கு வந்துவிடும், ஆனால் இழந்ததை மீட்க அதிக நேரம் எடுக்கும். நுனிகளில் பசை இளகாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பலகையின் கடைசிப் பகுதிக்கு வரும்போதுதான் பெட்டி களைத்துப் போயிருக்கும்.

## பெட்டியைத் தேர்ந்தெடுத்தது

பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "இன்னும் வாட் ஜாஸ்தியா ஒண்ணு வாங்கிரலாமுங்களா?" என்றுதான். எல்லோரும் முதலில் யோசிப்பது அதுதான். வாட் எவ்வளவு என்பதைவிடப் பெட்டியின் கீழ்த்தட்டின் கனம் முக்கியம் என்பதே என் முடிவு. கனமான தட்டில் சூடு சேர்ந்து நிற்கும். குளிர்ந்த பலகையில் வைத்தாலும் சட்டென்று இறங்காது, ஏறும்போதும் எகிறாது.

துணி தேய்ப்பவர்களின் கரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசாரி சொன்னார். எடை என்று பார்த்தால் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அதில் சூட்டை ஒரே அளவில் நிறுத்தி வைக்க வழியில்லை, சாம்பல் வேறு பறக்கும். வெள்ளை ஓரத்தில் ஒரு பொட்டுச் சாம்பல் மாட்டினாலும் போச்சு. அதனால் அது வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் எடுத்தது, ஸ்டீம் இல்லாத, இரண்டு கிலோவை ஒட்டிய எடையுள்ள, 1000 வாட் பழையகால மாடல் டிரை அயர்ன். கீழ்த்தட்டில் ஓட்டையே கிடையாது, முழுதும் சமதளம். தண்ணீர் சொட்டும் பேச்சுக்கே இடமில்லை; டேப்பின் விளிம்பு ஓட்டையில் மாட்டிக் கிழியவும் வழியில்லை. நான்-ஸ்டிக் பூச்சு உள்ளதையே எடுத்தோம், பிதுங்கிய பசையைத் துடைக்க எளிது என்பதால். அதில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டைப் பலகையின் கூர் விளிம்பில் நேரடியாக இழுக்கக் கூடாது. இந்தப் பெட்டி இனி பட்டறைக்கு மட்டும்தான், துணிக்குப் போகாது என்று கைப்பிடியில் பெயின்ட்டால் எழுதியும் வைத்தார்கள். சட்டைக் காலரில் ஹாட் மெல்ட் பசை ஏறினால் அந்தச் சட்டை அவ்வளவுதான்.

கனமான பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. 18 மி.மீ. ஓரத்தின் மேல் இரண்டு கிலோவை நிறுத்தினால் அது ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் டேப்பின் ஒரு விளிம்பு நசுங்கும், மறு விளிம்பு சூடே காணாது. அதற்காகப் பலகையின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு ரீப்பரை (நீளமான மரச் சட்டம்), ஓரத்தைவிட இரண்டு மூன்று மில்லி கீழே இருக்கும்படி கிளாம்ப் போட்டுப் பிடித்தோம். பெட்டி தடுமாறினால் ரீப்பர் தாங்கிக்கொள்ளும், டேப்பைத் தொடாது. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே ஆசாரியின் கை பாதி இலகுவாகிவிட்டது.

## மறுபடி ஒட்டிய விதம்

பழைய டேப்பைப் பிய்த்து எறியவில்லை. பெட்டியால் சூடாக்கி, பசை இளகியதும் ஸ்கிரேப்பரை உள்ளே விட்டு மெல்லத் தூக்கினோம். வெறுமனே இழுத்தால் பார்ட்டிகிள் போர்டின் சில்லும் சேர்ந்து வந்துவிடும். மிச்சப் பசையைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி ஓரத்தைச் சமப்படுத்தி, தூளை வேக்குவம் வைத்து உறிஞ்சினோம். ஈரத்துணி வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பலகைகளை முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று. வேலையும் வெயில் ஏறிய பிறகுதான். அப்படியும் ஒட்டுவதற்கு முன், பட்டர் பேப்பர் போட்டு மொட்டை ஓரத்தின்மேல் பெட்டியை ஒருமுறை ஓட்டி வெதுவெதுப்பாக்கிக்கொண்டோம். குளிர்ப் பிரதேசத்தில் இதை விடவே கூடாது.

தேக்கு டேப்பை இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டி, பட்டர் பேப்பரை மேலே வைத்து, குமிழை இரண்டு புள்ளிக்கும் மூன்று புள்ளிக்கும் நடுவில் நிறுத்தி ஓட்டினோம். எவ்வளவு வேகம் என்றால், டேப்பின் இரண்டு விளிம்பிலும் பசை நூல் மாதிரி மெலிதாக எட்டிப் பார்க்கும் வேகம். பேப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாலே தெரியும். அந்த நூல் வராத இடத்தில் பசை இளகவில்லை, அங்கே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். நுனிகளில் வேண்டுமென்றே நேரம் கொடுத்தோம்.

இதில் பலரும் கவனிக்காதது இனிமேல்தான் வருகிறது. ஹாட் மெல்ட் பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. பெட்டி நகர்ந்ததும் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லையென்றால், சூட்டில் விறைத்த வெனீர் தன் இஷ்டத்துக்கு எழும்பும், பசை அந்த நிலையிலேயே ஆறிவிடும். ஆசாரி பெட்டியை ஓட்ட, உதவிக்கு வந்த பையன் ஒரு சாண் பின்னால் தேக்குக் கட்டை ஒன்றால் இருந்த பலத்தையெல்லாம் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தான். கட்டையின் விளிம்புகளை முன்பே உருட்டி வைத்திருந்தோம், டேப்பைக் கீறாமல் இருக்க. கை வைத்தால் சூடு தெரியாத வரைக்கும் அழுத்த வேண்டும். டிசம்பரில் ஆசாரி இதைத் தனியாளாகச் செய்திருக்கிறார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கட்டை. எடை குறைந்த பெட்டியில் அது முடியும், ஆனால் அழுத்தம் பாதிதான் விழும்.

ஒரு துண்டுப் பலகையில் முதலில் ஒட்டி, முழுக்க ஆறவிட்டு, பிடுங்கிப் பார்த்தோம். டேப்போடு மர நாரும் பிய்ந்து வந்தது. அதைப் பார்த்த பிறகே தட்டுகளில் கை வைத்தோம்.

பி.வி.சி. விஷயத்தில் வீட்டுக்காரம்மாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னோம்: சைட்டில் பெட்டியால் ஒட்டுவதற்கு இந்த டேப் தோதானதில்லை. மெஷினில் போட்டால் அருமையான பொருள். கைவேலைக்கு மெலமைன் காகித டேப் பரவாயில்லை. சூட்டில் நெளியாது, சுருங்காது. நிறம் பக்கத்துத் தட்டோடு ஒத்துப்போவதால் பெரும்பாலான இடத்தில் மெலமைனுக்கு மாறினோம். கை அடிக்கடி படும் முன்தட்டுகள் சிலவற்றை அளவெடுத்து, கோவையில் புதிதாக அறுத்து, மெஷினிலேயே பி.வி.சி. போட்டு வரவழைத்தோம். புடைத்த தட்டும் அதில் சேர்ந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தே வேலை நடந்தது, பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும்.

ஓரம் சீவுவதை அவசரப்படாமல் கடைசியில் வைத்துக்கொண்டோம். வெதுவெதுப்பாக இருக்கும்போது சீவினால் பசை இழுபட்டு டேப்பும் நகரும். மெலமைனுக்கு இருபக்க ட்ரிம்மர் போதும். தேக்குக்கு அது சரிப்படாது. நாரின் போக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் வெனீர் நீளமாகப் பிளந்துகொண்டு போய்விடும். அங்கே அகல உளியின் முதுகைப் பலகையோடு படுக்கவைத்துச் சீவி, மிச்சத்தை அரத்தால் முடித்தோம். அரம் எப்போதும் டேப்பிலிருந்து பலகையை நோக்கியே கீழ்முகமாகப் போக வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் ஒட்டியதை நாமே பிடுங்குகிறோம்.

## அதன் பிறகு

தென்மேற்குப் பருவமழை முடிந்து, குன்னூரை உண்மையில் நனைக்கும் வடகிழக்கு மழையும் ஓய்ந்த பிறகு மறுபடி போய்ப் பார்த்தோம். துணி அலமாரியில் ஒரு குறையும் இல்லை. புத்தக அடுக்கில் விரல் நகத்தை விளிம்பில் விட்டு நெம்பிப் பார்த்தேன், எங்கும் அசையவில்லை.

ஓரிடம் தவிர. கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கீழ்த்தட்டின் தேக்கு டேப் மட்டும் நடுவில் லேசாக உப்பியிருந்தது. பழைய மலைவீடுகளில் இருப்பதுபோல அங்கேயும் சுவரில் விறகு கணப்பு உண்டு. குளிர்காலத்தில் தினமும் எரிக்கிறார்கள். பெட்டிச் சூட்டில் ஒட்டிய பசை, கணப்புச் சூட்டிலும் இளகத்தான் செய்யும். அதை எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் மாற்றம் இருக்காது. அந்தத் தட்டில் டேப்பை எடுத்துவிட்டு, கனமான தேக்கு பீடிங் (ஓரத்தில் வைக்கும் மரச் சட்டம்) இழைத்து, வெள்ளைப் பசை தடவி, சிறு ஆணி அடித்து, கிளாம்பில் விட்டோம். மரப் பீடிங் கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறது. வீட்டுக்காரம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

## அடுத்த வேலையில் மாறுவது

பட்டறைக்காரரும் ஆசாரியும் நானும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள் சில. மலைக்குப் போகும் வண்டியில் அந்த டிரை அயர்ன், பட்டர் பேப்பர், தேக்குக் கட்டை, 2.5 சதுர மி.மீ. ஒயரில் போட்ட எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒன்றாகவே போகும். வாடிக்கையாளர் வீட்டு அயர்னை வாங்குவது இனி இல்லை. ஓரம் ஒட்ட எப்போதும் இரண்டு பேர்.

அளவெடுக்கும் நாளிலேயே சுவரின் கோணலைப் பலகைத் துண்டில் அச்செடுத்து வந்துவிட்டால், சைட்டில் அறுக்க வேண்டிய ஓரங்களில் பெரும்பகுதி குறையும். முன்பக்கம் தெரியும் ஓரத்தை மெஷினில் ஒட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கத்தை மட்டும் அங்கே அறுக்கலாம். சுவருக்குள் மறையும் அந்தப் பக்கத்துக்கு டேப்பே தேவையில்லை, ஈரம் ஏறாமல் இரண்டு பூச்சு வார்னிஷ் போதும். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். அடுப்பு, கணப்பு, கீசர் பக்கம் வரும் தட்டுகளை வரைபடத்திலேயே சிவப்பில் குறித்து, அவற்றுக்கு மட்டும் மரப் பீடிங் என்று எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடுகிறார்கள். கூடுதல் செலவு எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, அந்த உப்பிய டேப்பின் படத்தைக் காட்டுகிறார்கள்.